வலிக்காத கட்டி

கழுத்திலோ முதுகிலோ ஒரு கட்டி எழும்பினால், "வலிக்கிறதா?" என்பதே நம் கிராமங்களில் முதற் கேள்வி. வலியில்லை என்றால் பற்றுப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். சீழ்க்கட்டிக்கு இக்கேள்வி பொருந்தும். புற்றுநோய் விஷயத்திலோ இதுவே நம்மை ஏமாற்றிவிடும். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

உடலின் உயிரணுக்கள் தேவைக்கு மிஞ்சிப் பெருகுவதால் இக்கட்டிகள் உண்டாகின்றன. சாதாரணக் கட்டி பெரும்பாலும் மெல்லிய உறைக்குள் மெதுவாக வளரும். வரப்போரத்துப் பூசணிக்காயைப் போல, எவ்வளவு பருத்தாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். தோலுக்கடியில் மெத்தென்று நழுவும் கொழுப்புக் கட்டி இவ்வினத்தது. ஆயினும் மண்டையோட்டுக்குள் வளர்ந்தால், இதுவும் மூளையை அழுத்தி ஆபத்து விளைவிக்கக்கூடும்.

புற்றுக்கட்டியோ கோரையை ஒத்தது. அண்டைத் திசுக்களைத் துளைத்துச் செல்லும். இரத்தம், நிணநீர் வழியாக நுரையீரல், ஈரல், எலும்பு முதலியவற்றை அடைந்து அங்கும் முளைக்கும். கிழங்கு ஓடுமுன் கண்டுகொண்டால் வேரோடு களையலாம்.

இரண்டில் எதுவென்று கையால் தடவி முடிவு கட்ட மருத்துவராலும் எப்போதும் இயலுவதில்லை. சிறிது சதையெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தே உறுதி செய்கின்றனர். 'ஊசி பட்டால் பரவிவிடும்' என்றஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுவோர் உளர். முறைப்படி செய்யும் சோதனையைவிடக் காலதாமதமே பன்மடங்கு கேடு என்பது நம் கருத்து.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்த குடற்புற்று, முதலில் சீதபேதியெனத் தவறாகக் கருதப்பட்டது. மருத்துவர் வீட்டிலேயே நேர்ந்த இவ்விழப்பே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமாயிற்று. 1969இல் பேரறிஞர் அண்ணாவும் இந்நோய்க்கு இரையானார். அவர் பெயரால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது; ஆகவே மணிமங்கலத்தார் சென்னைக்குத்தான் போயாக வேண்டுமென்பதில்லை.

வேகமாகப் பெருக்கும் கட்டி, மார்பகத்தில் தட்டுப்படும் கட்டி, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், புகையிலை அடக்குவோர் கன்னத்தில் தோன்றும் வெள்ளைத் திட்டு, மாதவிலக்கு நின்றபின் காணும் உதிரப்போக்கு ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரை நாட வேண்டும். 30 வயது கடந்தோருக்கு வாயையும், பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றையும் அரசு சுகாதார நிலையங்களில் பரிசோதிக்கின்றனர். ஒரகடம் தொழிற்சாலைகளில் முறைவேலை பார்ப்போருக்கு வார நாளில் ஓய்வு கிடைப்பது அரிது. அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமையில் ஒரு முகாம் நடத்தித் தருமாறு, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வட்டார மருத்துவ அலுவலரைக் கேட்டுப் பெறலாம்.