படலை திறந்து மூடும் விளக்கு

மட்டக்களப்பில் பொழுது சாய்வதை வாவிக்கு மேலுள்ள கல்லடிப் பாலத்தில் நின்று பார்க்கவேண்டும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7.7 பாகையில் கிடக்கும் இவ்வாவிக்கரையில் ஞாயிறு நெட்டுக்குத்தாகவே இறங்குகிறது. அது மறைந்து அரைமணி கழியுமுன் நீரும் வானும் இருண்டுவிடும். குறுகிய அந்திதான், ஆயினும் அதில் எங்கும் படி கிடையாது. வாவி மீன் அந்தச் சரிவுக்குப் பழகியது. அதனை வீட்டுத் தொட்டியில் விட்டு, இரவு பத்து மணிக்கு ஆளியைத் தட்டி விளக்கை அணைத்தால், வெருண்டு ஓடிக் கண்ணாடியில் மோதுகிறது.

ஆகவே தொட்டி விளக்கையும் மெல்ல மங்கச் செய்யவேண்டும். மின்னழுத்தத்தைக் குறைத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் அவ்விளக்கிலுள்ள ஒளிகாலும் இருவாயி (கடையில் எல்இடி என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்) அதற்கு இணங்குவதில்லை. அழுத்தம் சிறிது இறங்கினாலும் ஓட்டம் பெரிதும் வீழ்கிறது. வெண்ணொளியின் நிறமும் சற்றுத் திரிகிறது. இடையில் ஒரு திரான்சிற்றரை அரைகுறையாகத் திறந்துவைத்தாலோ, 12 வோல்ற்றில் 6 வோல்ற்று அதன்மேலேயே விழுந்து, 1 அம்பியர் ஓட்டத்தில் 6 வாற்று வீண் வெப்பமாகும். விரல் வைக்க இயலாது.

வேறு வழி, விளக்கை நலிவிக்காமல் நறுக்குவது. முழு ஒளி, முழு இருள், மீண்டும் முழு ஒளி. இவ்விரண்டும் கண்ணுக்கு எட்டாத விரைவில் மாறவேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகை செக்கனுக்கு ஏறத்தாழ 490 தடவை இதனைச் செய்யும். ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் ஒளி என்பதை 0 முதல் 255 வரையான எண்ணால் சொல்லிவிடலாம். ஆனால் அதன் கால் ஒன்றிலிருந்து 20 மில்லி அம்பியருக்கு மேல் இழுப்பது நன்றன்று. விளக்குப் பட்டியோ 2 அம்பியர் கேட்கும். அங்கேதான், அரைகுறையாகவன்றி முழுதும் திறந்து மூடும் ஆளியாக, திரான்சிற்றர் வேண்டியிருக்கிறது.

புல விளைவுத் திரான்சிற்றரின் மூன்று முனைகளில் ஓட்டத்தைத் திறந்து மூடும் முனையைப் படலை என்று அழைக்க எனக்கு விருப்பம். தருக்கப் படலை என்று பள்ளியில் படித்தோர்க்குச் சொல் புதிதன்று. வேலியில் படலை கட்டி வாழ்ந்த ஊருக்குப் பொருளும் புதிதன்று. ஐ.ஆர்.எல்.சட் 44 என் என்ற வகை, படலையில் 5 வோல்ற்று வந்தாலே நன்கு திறந்துகொள்ளும். திறந்தபின் அதன் தடை 0.025 ஓம் அளவே. 2 அம்பியர் பாய்ந்தாலும் வெப்பம் 0.1 வாற்றுதான். பெயரில் 'எல்' இருக்கும் இடத்தில் 'எஃப்' இருந்தால் அது வேறு பொருள்: முழுதும் திறக்க 10 வோல்ற்று வேண்டும். ஓரெழுத்துத்தான், வாங்கும்போது உற்றுப் பாருங்கள். படலைக்கும் நிலத்துக்கும் இடையே 10,000 ஓம் தடையி ஒன்றையும் இணையுங்கள். பலகை விழித்தெழும் கணத்தில் படலை காற்றிலாடாமல் அது மூடிவைக்கும்.

   

இனித்தான் உண்மையான இடர். 255இலிருந்து ஒவ்வொன்றாக இறங்கினால் நெடுநேரம் மாற்றமே தெரியாது. இறுதியில் விளக்கு பொத்தென்று வீழ்ந்தாற்போல் அணையும். கண் அளப்பது விகிதத்தை, வேறுபாட்டையன்று. 255க்கும் 254க்கும் இடையே நூற்றில் அரைப்பங்கு கூட இல்லை. 2க்கும் 1க்கும் இடையே சரிபாதி. கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தோன்றுவதற்கு முழு ஒளியில் நூற்றுக்குப் பதினெட்டே போதும். எனவே ஒவ்வொரு படியிலும் ஒரே எண்ணைக் கழிப்பது பிழை. ஒரே விகிதத்தால் குறைக்கவேண்டும்.

அதற்கு அடிப்பகுதியில் நுண்ணிய படிகள் வேண்டும். இதே பலகையின் ஒரு காலங்காட்டியை 65,536 படிகளுக்கு அமைக்கலாம். மீடிறன் செக்கனுக்கு 244 ஆகும். மிகச் சிறிய படி 0.0625 மைக்ரோ செக்கன். ஆனால் படலைக்குள் மின்னேற்றம் நிரம்பவேண்டுமே! 48 நனோ கூலோம் வரை கேட்கும் படலையை 20 மில்லி அம்பியரால் நிரப்ப 2.4 மைக்ரோ செக்கன் செல்லும். அதற்குள் மூடச் சொன்னால் அது திறந்ததாகவே ஆகாது. எண் இறங்கும், ஒளி இராது.

நிலவொளி வேண்டுவோர் இப்பட்டியை வருத்தவேண்டாம். முழுநிலவு இரவில் வாவித் தோணியிலிருந்து துடுப்பை நீரில் ஊன்றிக் காதை வைத்துப் பாடுமீன் கேட்பார்களே, அந்நிலவின் ஒளி கால் லக்ஸுக்கு மேற்படுவது அரிது. நண்பகல் வெயிலில் அது ஏறத்தாழ நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. அதற்கெனத் தனி வெண்ணிற இருவாயி ஒன்று, 5 வோல்ற்று, 10,000 ஓம் தடையி. ஓட்டம் 0.2 மில்லி அம்பியர்; திரான்சிற்றரே வேண்டியதில்லை.