ஃபைன் கட்டிவிட்டு வரும் முன்

மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் இப்படி ஒரு தாயை அடிக்கடி பார்க்கலாம். முந்தானையில் முடிந்த பணம், கையில் மகனுக்கு வாங்கிய இட்லிப் பொட்டலம். கஞ்சாவோடு பிடிபட்ட கல்லூரிப் பையன். அவனிடம் இருந்தது பத்து கிராம்கூட இருக்காது. "குத்தத்தை ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிடும்மா" என்று யாரோ சொல்ல, அவரும் தலையாட்டிவிடுவார். மாலையில் பையன் வீடு வந்து சேர்ந்ததும் நிம்மதி. ஆனால் ஃபைனும் தண்டனைதான். நாளை அவன் போலீஸ் வேலைக்குத் தேர்வு எழுதினால், நன்னடத்தை விசாரணையில் அது வந்து நிற்கும்.

அந்தத் தாய்க்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு. போதைக்கு அடிமையானவர், உபயோகித்த குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ சிக்கியிருந்தால், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால் அவர் மீது வழக்கு நடத்த முடியாது. கஞ்சாவில் 1,000 கிராம் வரை 'சிறிய அளவு'. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். வெளியே பலகை மாட்டிய எல்லா மையமும் அங்கீகாரம் பெற்றதல்ல. சேர்க்கும் முன் கேளுங்கள். சிகிச்சை பெற்றதற்கான மருத்துவமனைச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு தடவை இழுத்துப் பார்த்தவன் 'அடிமை' ஆவானா? அங்கேதான் சிக்கல். அதனால் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி, எந்தப் பிரிவு, எத்தனை கிராம் என்று முதலில் பாருங்கள். 27-ஆம் பிரிவு, அதாவது உபயோகித்தது மட்டும் என்றால், 18 வயது கடந்தவரையும் தண்டிக்காமல் நன்னடத்தை உறுதியின் பேரில் கோர்ட் விடுவிக்கலாம். வைத்திருந்ததாக 20-ஆம் பிரிவு போட்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

பையனுக்கு 18 ஆகவில்லையா? வயதுச் சான்றை எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே ஆலோசனையோ சமூக சேவையோ சொல்லி அனுப்பலாம். அந்த வழக்கு பின்னாளில் வேலைக்குத் தகுதிக் குறைவாகாது. சிறுவனுக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுத்தவருக்குத்தான் ஏழு ஆண்டு வரை சிறை.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று ஒதுங்க வேண்டாம். காவலில் இருப்பவர், சிறார், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446.

கூண்டில் நிறுத்தி, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்கும்போது பையன் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "வக்கீல் வைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும் ஐயா."