ராட்சதப் பூசணி – 6: காம்பில் ஒரு கசிவு

பூ தொட்டு, பிஞ்சு பிடித்து, அது காலிப் பானை அளவுக்கு வந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். இனி ஆகஸ்ட். 'அட்லாண்டிக் ஜெயன்ட்' வகைக் காய் நன்றாக ஓடும் நாட்களில் ஒரே நாளில் 20 கிலோவுக்கு மேல் ஏறும். வளர்ப்பவருக்குத் தூக்கம் போவதும் இந்த மாதத்தில்தான்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், வின்ட்சர் என்ற ஊரில் ஹோவர்ட் டில் இந்த விதையைத் தேறவைத்த காலத்தில், 1981இல் அவருடைய சாம்பியன் காய் சுமார் 224 கிலோ. 2025இல் இங்கிலாந்தின் பேட்டன் இரட்டையர் எடைமேடை ஏற்றியது 1,278 கிலோவைத் தாண்டியது. காய் ஐந்து மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. அதைத் தாங்குவதோ பழைய காம்புதான். அது நம் கைத்தடிமனுக்குப் பருத்தாலும் காயின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை.

காயின் தோள் புடைக்கப் புடைக்கக் கொடியை முட்டித் தள்ளும். காம்பு முறுக்கேறி வெடிக்கும். வெடிப்பில் பனி இறங்கும், மண் தெறிக்கும். பிறகு பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் யாரும் வெற்றிலை பாக்கு வைக்க வேண்டியதில்லை. அதனால்தான் காய் சிறிதாக இருக்கும்போதே, வெயிலில் கொடி துவண்டிருக்கும் பிற்பகலில், தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கொடிக்குச் செங்கோணமாகத் திருப்பி வைக்கிறார்கள். காய்க்குப் பக்கத்துக் கணுக்களில் இறங்கிய வேர்களையும் அறுத்துவிடுவார்கள். காய் உயரும்போது கொடியும் கூடவே எழும்ப வேண்டுமே!

இன்னொரு அழுகல் செடியின் அடித்தண்டில் வருவது. அங்கே இலை அடர்த்தி, நிழல், ஈரம். தண்டு ஒருநாள் நுரை தள்ளும். பக்கத்தில் போனாலே புளித்த மாவு வாடை. முதல்முறை பார்ப்பவர் செடியே போயிற்று என்று தலையில் கை வைப்பார்.

அனுபவசாலி கத்தியை எடுப்பார். கொழகொழத்த சதையைச் சுரண்டி, கெட்டியான பச்சைத் திசு தெரியும்வரை விடமாட்டார். அரைகுறையாகச் சுரண்டுவதைவிடத் தொடாமல் இருப்பதே மேல் என்பேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சுத்தம் செய்வார். புண்ணின் மேல் கேப்டன் போன்ற பூஞ்சைக்கொல்லித் தூளைக் குழைத்துப் பூசுவார். ஆனாலும் பெரிய மருந்து காற்று. சுற்றியுள்ள இலைகளைக் கழித்துவிட்டு, சின்ன மின்விசிறி ஒன்றை இரவும் பகலும் அந்த இடத்தைப் பார்த்து ஓடவிடுவார்கள். பூசணிக்கு விசிறி போடுவதா என்று சிரிக்கலாம். காயம் காய்வதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அடித்தண்டு முழுதாகப் போனாலும் காய் பிழைப்பதுண்டு. காரணம், ஜூனிலேயே செய்துவைத்த வேலை. கொடி ஓட ஓடக் கணுக்களை மண்ணால் மூடிக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கும். தாய்வேர் கைவிட்ட செடிக்கு இந்தக் கிளைவேர்கள் சோறு போடும். மண் மூடச் சோம்பியவருக்கு ஆகஸ்டில் இந்த ஆறுதல் கிடையாது.

காயின் காம்பிலேயே அழுகல் பிடித்தால் மட்டும் கணக்கு வேறு. அங்கே ஆழமாகச் சுரண்ட முடியாது. அழுகல் காயின் உட்கூடு வரை ஓட்டை போட்டுவிட்டால், எத்தனை கிலோ இருந்தாலும் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். தண்ணீரையும் உரத்தையும் குறைத்து, விசிறியைக் காம்புப் பக்கம் திருப்பிவிட்டு, அக்டோபர்வரை நாட்களை எண்ண வேண்டியதுதான். எடை கூட வேண்டுமென்று ஊற்றிய தண்ணீரை அப்போது நிறுத்துவதற்கு ஒரு மனசு வேண்டும். பலருக்கு அது வருவதில்லை.

காம்பைக் காப்பாற்றிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். காய் தரையில் உட்கார்ந்திருந்த அடிப்பாகத்தை இதுவரை யாருமே பார்க்கவில்லை. பட்டைகளைக் கட்டி மேலே தூக்கும்போதுதான் நடுவர்கள் குனிந்து பார்ப்பார்கள்.

அந்தக் காலைப்பொழுது அடுத்த வாரம்.

(வளரும்)