மண்கும்பானின் மணலும் கழியும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவுப்பகுதிக்குச் செல்வோர் மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்து மண்கும்பானை அடைவர். ஒல்லாந்தர் லைடன் என அழைத்த வேலணைத் தீவின் ஊர்களுள் இஃது ஒன்று. மண் கும்பமாகக் குவிந்து கிடக்கும் இடம் என்றே இவ்வூர்ப் பெயருக்குப் பொருள் கொள்ளத் தோன்றும். இங்கே ஆறு இல்லை. மாரியில் வெள்ளம் பாயும் வாய்க்கால்களும், கடல்நீர் ஏறி இறங்கும் கழிகளும், புல் முளைக்கும் தரவைகளுமே உள்ளன. நீரோடைகளையும் அவற்றை அண்டிவாழும் அருகிவரும் உயிர்களையும் ஊரவர் தாமே முன்வந்து காக்கும் தொண்டு பல நாடுகளிலும் பரவிவரும் இக்காலத்தில், ஆறில்லாத் தீவொன்றில் அத்தொண்டுக்கு என்ன வேலை என்ற வினா எழுதல் இயல்பே. அதற்கான விடை மணலுக்கு அடியில் இருக்கின்றது.

தீவகத்தின் நன்னீர் முழுவதும் மழைநீரே. வடகீழ்ப் பருவக்காற்றால் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, மணலினூடே வடிந்து, நிலத்தடியில் ஊறியிருக்கும் கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும். இச்சிறு வேறுபாட்டின் பயனாக, கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது பரந்து நிற்கும். ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டு கூறிய விதி இது. இதன் மறுபக்கமே அஞ்சத்தக்கது. மேலே ஓரடி நன்னீர் குறைந்து அக்குறை நிலைக்குமாயின், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறி வரும். ஆதலின் மணற்குன்று ஒன்றை அள்ளிச் செல்வோர் மணலை மட்டும் கொண்டுசெல்வாரல்லர். மழையை உள்வாங்கும் பஞ்சும், நீர்மட்டத்தை உயர்த்தி வைத்திருக்கும் மேடும், வெயிலிலிருந்து நீரை மறைக்கும் போர்வையும் ஒருங்கே போய்விடுகின்றன. அயலிலுள்ள சாட்டிக் கிணறுகளின் நன்னீர் பிற ஊர்களுக்கும் குடிநீராக உதவிவந்தமையை எண்ணுவார்க்கு இவ்விழப்பின் அளவு விளங்கும்.

வீடு கட்டுவதற்கு மணல் வேண்டும் என்பதும், மணல் விற்பது சிலருக்குப் பிழைப்பு என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வின் பின்னர் ஆளில்லாக் காணிகள் பல கிடந்தன. அவற்றின் மணலுக்குக் காவல் யார்? சட்டம் உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர்க் குறியிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாக வகுத்து, அனுமதியின்றி அங்கு நிலத்தின் இயல்பை மாற்றுவதைத் தடுக்கின்றது. எனினும், இருளில் வந்து போகும் உழவு இயந்திரத்தைக் கண்டு உரியவர்க்குச் சொல்வார் இல்லையெனின் அச்சட்டம் ஏட்டிலேயே கிடக்கும். தொண்டர் செய்யத்தக்க முதற்பணி இதுவே. வண்டியை மறித்து நிற்றல் அவர்தம் பணியன்று. அது பொலிசாரின் வேலை. நாளும் இடமும் குறித்துப் பிரதேச செயலகத்துக்குப் பலர் கையொப்பத்துடன் எழுதுவது எளிது, பயனும் மிகுதி. ஒருவர் எழுதினால் அது பகையாகத் தோன்றும். ஊரே எழுதினால் அவ்வாறு தோன்றாது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று யாழ்ப்பாணத்தார் வாளா கூறினாரல்லர்.

அக்கொடியும் இங்கு வெறும் உவமையன்று. கடற்கரை மணலிற் படர்ந்து, கணுத்தோறும் வேர்விட்டு, காற்றால் மணல் பறவாமற் பிணிப்பது அடம்பனே. சங்கநூல்கள் அடும்பு என்று கூறுவதும் இதனையே. அகநானூற்றின் 160 ஆம் பாட்டு, சூல்கொண்ட ஆமை கழிக்கரையில் அடும்பங்கொடி சிதையுமாறு மணலைத் தோண்டி முட்டையிட்டு மறைத்துச் செல்வதையும், குஞ்சு வெளிப்படும் வரை அதன் ஆண் காத்து நிற்பதையும் கூறுகின்றது. முற்பகுதி கண்ணாற் கண்டு எழுதியது என்பதில் ஐயமில்லை. பிற்பகுதி புலமை நெஞ்சின் விருப்பமே. ஏனெனில், கடலாமைகளுள் ஆண் கரைக்கு வந்து முட்டை காப்பதில்லை. தாயும் மணலை மூடியவுடன் கடலுக்கு மீண்டுவிடும். நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் ஏறத்தாழ 45 முதல் 60 நாள் வரை காவலின்றிக் கிடக்கின்றன. நாய், நரி, மனிதன் என்னும் மூன்றுக்கும் அவை எளிய இரை.

பாட்டிலுள்ள அக்காவலரின் இடத்தைச் சென்னையில் மாணவர் ஏற்றனர். 1970 களில் சிலர் தொடக்கிய இரவு நடையை, 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு ஏற்று நடத்திவருகின்றது. தை முதல் சித்திரை வரை, நள்ளிரவில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் நடந்து, பங்குனி ஆமையின் சுவட்டைக் கண்டு, முட்டைகளை எடுத்துக் காப்பிடத்திற் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். நகரத்து விளக்கொளி குஞ்சுகளைத் தரைப்பக்கம் ஈர்த்துவிடும் என்பதே முட்டைகளை இடம் மாற்றுவதற்குச் சொல்லப்படும் தலையாய காரணம். தீவகத்தின் இருண்ட கரைகளில் ஆமை ஏறுமாயின், முட்டையைத் தொடாது, சுவட்டை மட்டும் அழித்து, அயலில் விளக்கேற்றாதிருத்தலே சாலும். ஒரூரின் முறையை ஆராயாது பிறிதோரூரிற் செய்தல் தகாது. ஆமை இறைச்சி உண்ணும் வழக்கம் யாழ்ப்பாணக் கரையோரத்தில் நெடுங்காலம் இருந்ததென்பதையும் இவ்விடத்து மறைப்பதற்கில்லை. இலங்கைக் கரைகளில் முட்டையிடும் ஐவகை ஆமையும் இன்று சட்டத்தாற் காக்கப்படுவன.

நல்லெண்ணம் அறிவோடு சேராதபோது விளையும் கேட்டுக்குச் சான்றுகள் பல. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், கரையைக் காக்கும் நோக்குடன் தமிழ்நாட்டுக் கடற்கரைகளிற் சவுக்கு நெருக்கமாக நடப்பட்டது. அதன் நிழலில் மணற்கொடிகள் மடிந்தன. ஆமை முட்டையிடும் இடமும் குறுகியது. இலங்கையில் நிகழ்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. அப்பேரலைக்குப் பின் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளிவந்த ஆய்வு, 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயரளவே தேறியது எனக் காட்டியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுதானும் எஞ்சவில்லை. பொருந்தாத மட்டத்தில் நட்டதும், நட்டபின் திரும்பிப் பாராமையுமே பெருங்காரணங்கள். நடுகை நாளிற் படம் எடுப்பார் பலர். ஆறு திங்களுக்குப் பின் கன்றிற் பற்றிய சிப்பியையும் பாசியையும் நீக்குவார் சிலர். நாவுக்கரசர் உழவாரம் ஏந்திச் செய்த தொண்டு ஒருநாட் பணியன்று. செதுக்கிய இடத்திற் புல் மீளவும் முளைக்கும்.

கழிகளைப் பொறுத்தவரை, நடுவதினும் திறந்துவிடுவதே மேலான பணி. தாம்போதிகளாலும் வீதிகளாலும் பிரிக்கப்பட்ட ஆழமற்ற கடலில், நீர் ஏறி இறங்குவது மதகுகளின் வழியாகத்தான். மதகு அடைபடின் உள்நீர் வெயிலிற் காய்ந்து உவர் மிகும். கண்ணாவின் இளங்கன்றும் மீன்குஞ்சும் மடியும். மதகு திறந்திருப்பின், கண்டல் விதைகளைக் கடலே கொண்டுவந்து உரிய மட்டத்தில் ஊன்றிவிடும். பிளாத்திக்கும் அறுந்த வலையும் மதகின் வாயில் அடைபடுவதால், ஐப்பசி மழைக்கு முன்னர் ஒருமுறையும் தையில் ஒருமுறையும் சிரமதானமாக அவற்றை அகற்றல் இருபது இளைஞர்க்கு ஒரு காலைப்பொழுது வேலை.

கழிக்கு அப்பால், ஆழமற்ற கடலில் வளரும் சாதாழையை மேய்ந்து வாழ்வது ஆவுளியா எனப்படும் கடற்பசு. ஓராண்டுக்கு மேல் சூல்தாங்கி ஒரு கன்றே ஈன்று, அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் செல்லவிடும் இவ்விலங்கு, வலையிற் சிக்கி ஒன்று இறப்பினும் அவ்விழப்பை எளிதில் ஈடுசெய்ய மாட்டாது. பாக்கு நீரிணையின் மறுகரையில் 2022 இல் தமிழ்நாட்டரசு 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இலங்கை 2017 இல் இழுவை மடித் தொழிலைத் தடைசெய்தமையும் சாதாழைக்கு நன்மையே. ஆயினும் வலையிற் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவிப்பது கடலில் நிற்கும் மீனவரின் கையிலேயே உள்ளது. ஆதலின் அவரின்றி அமைக்கப்படும் தொண்டர் சங்கம் கரையளவே செல்லும்.

2025 ஆம் ஆண்டு மண்டைதீவில் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அங்குள்ள ஈரநிலம் என்னாகும் என்னும் வினாவைச் சூழலியலாளர் எழுப்பினர். இத்தகைய வினாக்கள் எழும்போது ஊரவர் கையிற் கணக்கு வேண்டும். கிணற்றின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி, நீரின் உவர் எவ்வளவு, தரவையில் இறங்கிய பூநாரைகள் எத்தனை என்பவற்றைத் திங்கள்தோறும் ஒரே நாளில் ஒரே இடத்திற் குறித்துவைத்தல், நூலும் நாடாவும் சிறு உவர்மானியும் உள்ள எப்பாடசாலை மாணவர்க்கும் இயல்வது. மாரி முடிந்து கிணறுகள் நிறைந்திருக்கும் தை மாதம் அக்கணக்கைத் தொடங்குவதற்கு ஏற்றது. ஆவணியின் அளவை அதனோடு ஒப்பிட்டால் ஒரு கோடையில் மணல் எவ்வளவு நீரைத் தாங்கி நின்றது என்பது தெரியவரும்.