கனவின் வேதியியல்

உறங்கும்போது உடலோடு மூளையும் ஓய்ந்துவிடுகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1953ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நத்தேனியல் கிளைட்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் அவ்வப்போது விரைந்து அசைவதை அவர்கள் பதிவுசெய்தனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டவர்களுள் பெரும்பாலோர் தாம் கனவு கண்டதாகக் கூறினர். இந்நிலையே விரைவிழியசைவு உறக்கம் எனப்படுகிறது. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்ப வரும் இவ்வுறக்கம், வளர்ந்தோரின் மொத்த உறக்கத்தில் நான்கில் ஒரு பங்கு வரையிலும், பிறந்த குழந்தையின் உறக்கத்தில் பாதியளவும் அமைகிறது.

இவ்வுறக்கத்தை ஆள்பவை நரம்பணுக்களிடையே செய்தி சுமக்கும் வேதிப்பொருள்களே. நாம் விழித்திருக்கையில் நார்எபிநெஃப்ரின், செரடோனின், அசிடைல்கோலின் ஆகிய மூன்றும் மூளையில் மிகுதியாகச் சுரக்கின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் மூன்றும் குறைகின்றன. கனவுறக்கத்திலோ முதலிரண்டையும் சுரக்கும் நரம்பணுக்கள் ஏறக்குறைய முற்றிலும் அடங்கிவிட, அசிடைல்கோலின் மட்டும் மீண்டும் உயர்கிறது. எனவேதான் கனவு காணும் மூளையின் மின்னலைகள் விழித்திருக்கும் மூளையின் அலைகளை ஒத்திருக்கின்றன. அசிடைல்கோலினை ஏற்கும் இருவகை ஏற்பிகளுக்கான மரபணுக்களை எலிகளிடமிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் நீக்கியபோது, அவற்றின் கனவுறக்கம் ஏறத்தாழ மறைந்துபோனது. 2018இல் இம்முடிவு வெளியானது.

கனவில் ஓடுகிறோம், ஆயினும் கால்கள் அசைவதில்லை. ஏன்? மூளைத்தண்டிலிருந்து புறப்படும் ஆணையால் கிளைசின், காபா என்னும் பொருள்கள் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களை அடக்கிவைக்கின்றன. பிரான்சு நாட்டின் மிஷேல் ஜூவே, பூனைகளின் மூளைத்தண்டில் பான்ஸ் பகுதியின் சிறுபகுதியைச் சிதைத்தபோது, அவை உறங்கியவாறே எழுந்து இரையைத் துரத்துவனபோல் நடந்துகொண்டன. மனிதரிலும் சிலருக்கு இக்கட்டுப்பாடு தளர்வதுண்டு. உறக்கத்தில் கைகால்களை வீசித் தம்மையும் அருகில் இருப்போரையும் காயப்படுத்தும் அவர்களுள் பலருக்குப் பல ஆண்டுகளுக்குப்பின் பார்க்கின்சன் நோய் தோன்றுகிறது. ஆகவே மருத்துவர்கள் இதனை அந்நோயின் முன்னறிகுறியாகக் கொள்கின்றனர்.

இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கமும், பிற்பகுதியில் கனவுறக்கமும் மிகுந்திருக்கும். தேர்வை எண்ணி நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கே எழுந்துவிடும் மாணவர் இழப்பது வெறும் நேரத்தை அன்று, கனவுறக்கத்தின் பெரும்பகுதியை. கற்றவற்றை நினைவில் நிலைநிறுத்துவதில் உறக்கத்திற்கும் பங்குண்டு. ஆதலால் போதிய உறக்கமும் படிப்பின் ஒரு பகுதியே என்பதை உணர்தல் நன்று.