பச்சோந்தி வளர்ப்பு: தொழிலா, தொல்லையா?



"ஆடு, மாடு, கோழி எல்லாம் பார்த்தாச்சுங்க. புதுசா ஏதாவது வருமானம் தரும் தொழில் சொல்லுங்க." எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். இப்போது செல்போனில் வெளிநாட்டு வீடியோக்கள் நிறைய வருகின்றன. பச்சை, நீலம், சிவப்பு என்று பளபளக்கும் பச்சோந்திகளைக் கூண்டில் வளர்த்து, முட்டை எடுத்து, குஞ்சு விற்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கிளுவை வேலியிலேயே இது இருக்குதே, பிடிச்சு வளர்த்தா என்ன?" என்று சில உறுப்பினர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் குழுப் பணம் ஒரு ரூபாய்கூட இதில் போவதற்கு முன்னால் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

எது பச்சோந்தி, எது ஒடக்கான்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு சரசரவென்று ஓடுவது ஓணான். நம் பக்கத்தில் ஒடக்கான் என்போம். ஆண் ஓணானுக்குச் சில சமயம் கழுத்து சிவந்துவிடும். உடனே பிள்ளைகள் "ரத்தம் உறிஞ்சுது" என்று கல்லால் அடிப்பார்கள். அது ரத்தமும் உறிஞ்சாது, பச்சோந்தியும் கிடையாது.

பச்சோந்தி வேறு. அது ஓடாது. ஒவ்வொரு அடியாக, காற்றில் இலை ஆடுவது போல முன்னும் பின்னும் ஆடி ஆடி நடக்கும். உடம்பு இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும். வாலைச் சுருட்டிக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். விரல்கள் இரண்டு கொத்தாகப் பிரிந்து இடுக்கி மாதிரி இருக்கும். ஒரு கண் முன்னால் பார்க்கும்போது இன்னொரு கண் பின்னால் பார்க்கும். நாக்கு அதன் உடம்பைவிட நீளம். தூரத்தில் உட்கார்ந்த வெட்டுக்கிளியைக் கண் இமைக்கும் நேரத்தில் நாக்கை வீசி இழுத்துவிடும்.

உலகத்தில் பச்சோந்தி வகைகள் இருநூறுக்கு மேல் உண்டு. அதில் ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில் இருக்கின்றன. நம் இந்தியாவில் இருப்பது ஒரே ஒரு வகைதான். இலங்கையிலும் அதே வகை இருக்கிறது. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி என்று கொல்லிமலை அடிவாரம் வரைக்கும் உள்ள வேலியும் முள்ளுமரமும் புதரும் அதற்கு ஏற்ற வீடு.

நிறம் மாறுவது ஏன்?

"பச்சோந்தி மாதிரி நிறம் மாறுறான்" என்று ஆட்களைத் திட்டுவோம். பாவம், அது ஏமாற்றுவதற்காக மட்டும் மாறுவதில்லை. குளிராக இருந்தால் கறுத்துக்கொள்ளும், அப்போது வெயிலை நன்றாக வாங்கும். சூடு ஏறினால் வெளுத்துக்கொள்ளும். பயந்தாலும், கோபப்பட்டாலும், இன்னொரு ஆணைப் பார்த்தாலும் நிறம் மாறும். 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து பார்த்தார்கள். தோலுக்குள் கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி கூடும்போதும் குறையும்போதும் தோலின் நிறம் வேறாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

அதற்கு விஷம் கிடையாது. பயமுறுத்தினால் உடம்பை உப்பிக்கொண்டு, வாயைத் திறந்து 'உஸ்' என்று சீறும். அவ்வளவுதான்.

வெளிநாட்டில் எப்படி வளர்க்கிறார்கள்?

வீடியோவில் வருபவை பெரும்பாலும் ஏமன் நாட்டு வகையும் மடகாஸ்கர் வகையும்தான். அவற்றை வளர்ப்பது நாம் நினைப்பது போல் லேசு அல்ல.

கம்பிவலைக் கூண்டு வேண்டும், உள்ளே செடி வேண்டும். வெயிலுக்குப் பதிலாகப் புறஊதாக் கதிர் தரும் தனி விளக்கு தினமும் எரிய வேண்டும். அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். தீனி உயிருள்ள பூச்சி. செத்ததை வைத்தால் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் பச்சோந்திக்கு முன்னால் சுவர்க்கோழிப் பூச்சியைத் தனியாக வளர்க்க வேண்டும். அந்தப் பூச்சிமேல் சுண்ணாம்புச்சத்துப் பொடியைத் தூவித்தான் கொடுக்க வேண்டும். முட்டைக் கோழிக்குக் கிளிஞ்சல் போடுகிறோமே, அதே கணக்கு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பொதுவாகக் குடிக்காது. இலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தால்தான் நக்கிக் குடிக்கும். ஒரு கூண்டில் ஒன்றுதான். இரண்டை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும், அல்லது ஒன்று பயத்திலேயே தீனி எடுக்காமல் மெலிந்துவிடும்.

இனப்பெருக்கம் இன்னும் கஷ்டம். ஜோடி சேர்ந்த சில வாரங்களில் பெண் பச்சோந்தி கீழே இறங்கி மண்ணைத் தோண்டி முட்டையிடும். ஏமன் வகை ஒரே தடவையில் முப்பது, நாற்பது, அதற்கு மேலும் இடும். ஈரமான ஆழமான மண் கிடைக்காவிட்டால் முட்டையை வயிற்றிலேயே அடக்கிக்கொள்ளும். முட்டை உள்ளேயே கட்டிக்கொண்டு தாய் செத்துப்போகும். வளர்ப்பவர்கள் அதிகமாகப் பெண் பச்சோந்திகளை இழப்பது இப்படித்தான். ஆண் சேராவிட்டாலும் ஏமன் வகைப் பெண் முட்டை வைக்கும் என்பதால், தனியாக வளர்த்தாலும் இந்த ஆபத்து உண்டு.

நம் அடைகோழி 21 நாளில் குஞ்சை வெளியே கொண்டுவந்துவிடும். ஏமன் பச்சோந்தி முட்டை பொரிக்க ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். மடகாஸ்கர் வகைக்குச் சில சமயம் ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை சூடும் ஈரமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், முட்டையைப் புரட்டவும் கூடாது. பொரித்த குஞ்சு சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதற்குத் தீனி கொசு அளவில் உள்ள பூச்சி. நம் ஊர் கரண்ட் கட்டையும் சித்திரை வெயிலையும் நினைத்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் வேலியில் இருக்கும் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட உயிர். அதைப் பிடிப்பது, அடைத்து வைப்பது, விற்பது, வாங்குவது, கொல்வது எல்லாமே குற்றம். அதன் முட்டையைக் கலைப்பதும் குற்றம்தான். "எங்க தோட்டத்துல பிடிச்சது, எங்களுக்குச் சொந்தம்" என்று சொல்ல முடியாது. பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை இவற்றுக்கும் இதே சட்டம்தான்.

2022-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. பொதுவான குற்றங்களுக்கு அபராதத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாயாக இருந்தது, இப்போது ஒரு லட்சம் ரூபாய். அதோடு ஜெயில் தண்டனையும் உண்டு.

"சரிங்க, நம்ம ஊருது வேண்டாம், வெளிநாட்டுது வாங்கலாமே?" என்று கேட்கலாம். அந்த வகைகளும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவை. இந்தியா 1976-லேயே அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. அது குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், வேறு ஆளுக்குக் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பிராணிகளைச் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. அப்படி வந்த ஒன்றை வாங்கினால் வழக்கு நம் வீட்டு வாசலுக்கும் வரும். காகிதம் இல்லாத பிராணியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால், அந்த விலையிலேயே சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம்.

எமு கோழியை மறந்துவிடாதீர்கள்

புது மாதிரிப் பிராணி, புது மாதிரி லாபம் என்ற பேச்சு நம் பகுதிக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாக வைத்து எமு கோழி நிறுவனங்கள் கிளம்பியதும், 2012 ஆகஸ்டில் அது சரிந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சு, மாதாமாதம் 6,000 ரூபாய், கடைசியில் கட்டிய பணமும் திரும்ப வரும் என்று ஆசை காட்டினார்கள். நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. எமு இறைச்சிக்கு நம் ஊரில் யார் வாடிக்கை என்று கேட்டவர்கள் குறைவு. புதிதாக வந்து சேர்ந்தவர் கட்டிய பணம்தான் பழைய ஆளுக்கு மாதப் பணமாகப் போனது. ஆள் வருவது நின்றதும் பணமும் நின்றது. பணம் கட்டியவர்கள் புகார் கொடுக்க வரிசையில் நின்றார்கள். தீனி இல்லாமல் பறவைகள் சாக, கடைசியில் அரசு கால்நடைத் துறை தீனி போட வேண்டி வந்தது.

அதனால் எந்தப் பிராணித் தொழில் வந்தாலும், கடன் தீர்மானம் எழுதுவதற்கு முன் ஊக்குநரும் பிரதிநிதியும் இந்த நான்கு கேள்விகளைக் கூட்டத்தில் கேளுங்கள்:

1. இதை வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறதா? அதற்கு எழுத்தில் காகிதம் இருக்கிறதா?

2. நம் சந்தையில் இதை யார் வாங்குவார்கள்? விற்றவரே திரும்ப வாங்கிக்கொள்வார் என்பது சந்தை ஆகாது. அவர் ஓடிவிட்டால் யார் வாங்குவார்கள்?

3. நோய் வந்தால் பக்கத்தில் வைத்தியம் பார்க்க ஆள் உண்டா?

4. விற்கவே முடியாவிட்டால் வீட்டுக்கு என்ன பயன்? கோழி விற்காவிட்டால் குழம்பு வைக்கலாம், முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

பச்சோந்தி இந்த நான்கிலும் தோற்றுவிடுகிறது. நாட்டுக்கோழியும் வெள்ளாடும் நான்கிலும் தேறிவிடுகின்றன. நம் கையருகே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. வளர்ப்பு, தீவனம், தடுப்பூசி எல்லாம் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அழகுக்காக வளர்க்கும் உயிரில்தான் ஆசை என்றால், வண்ணமீன் வளர்ப்பு இருக்கிறது. சென்னை கொளத்தூரில் பல குடும்பங்கள் அதிலேயே பிழைக்கின்றன.

அப்படியானால் பச்சோந்தியால் நமக்கு லாபமே இல்லையா?

இருக்கிறது. அதை வேலியிலேயே விட்டால் இருக்கிறது. வெட்டுக்கிளி, ஈ, புழு, பூச்சி என்று அது நாள் முழுதும் தின்பதெல்லாம் நம் கடலையையும் காய்கறியையும் கெடுக்கும் கூட்டத்தில் சேர்ந்தவைதான். கூலி கேட்காத ஆள். கூண்டில் அடைத்தால் நாம் அதற்குப் பூச்சி தேடிக் கொடுக்க வேண்டும். வேலியில் விட்டால் அதுவே நமக்காகப் பூச்சி பிடிக்கிறது.

அதற்கு நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உயிர்வேலியை மொத்தமாக வெட்டி எரிக்காமல் பகுதி பகுதியாகக் கழியுங்கள். தேவையில்லாமல் மருந்து அடிக்காதீர்கள். மருந்து பட்ட பூச்சியைத் தின்றால் அதுவும் சாகும். களை வெட்டும்போது மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சிறு முட்டைகள் தெரிந்தால், தொட்டுப் புரட்டாமல் மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். ரோட்டைக் கடக்கும் பச்சோந்தி வண்டி வந்தாலும் வேகமாக ஓடத் தெரியாத உயிர். ஒரு குச்சியை முன்னால் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். அது போகிற பக்கத்துப் புதரில் விட்டுவிடுங்கள். அடிபட்டுக் கிடந்தாலோ, யாராவது பிடித்து விற்பது தெரிந்தாலோ வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடமும் பேசுங்கள். நூல் கட்டி விளையாடப் பிடித்து வந்தால், அடிக்காமல், பயமுறுத்தாமல், பிடித்த இடத்திலேயே விட்டுவரச் சொல்லுங்கள்.

சகோதரிகளே, நம் குழுவின் சேமிப்பு வாரம் பத்து, இருபது என்று வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். வீடியோவில் இரண்டு நிமிஷம் பார்த்ததை நம்பி அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது. அடுத்த கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இந்தப் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்த நான்கு கேள்விகளையும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு வேறு ஏதாவது புதுப் பிராணியோடு யாராவது வந்து நிற்கும்போது அது உதவும்.