சட்டம் எட்டாத சாப்பாட்டுப் பெட்டி

2015 ஜனவரியில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த பள்ளி உணவுத் தரநிலைகள், அதாவது பள்ளிச் சமையற்கூடம் எதை, எத்தனை முறை பரிமாறலாம் என வரையறுக்கும் விதிகள், எண்ணெயில் பொரித்த பண்டங்களை வாரத்துக்கு இரண்டு முறைக்குள் அடக்கி, பழமும் காய்கறியும் நாள்தோறும் இடம்பெற வேண்டுமென வலியுறுத்துகின்றன. ஆனால் பெற்றோர் கட்டிக்கொடுத்தனுப்பும் மதிய உணவு அவற்றின் வரம்புக்குள் வருவதில்லை. அதில் எதைத் தடுப்பது என்பதை அந்தந்தப் பள்ளியே முடிவுசெய்கிறது. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் உணவுப் பெட்டிகளை ஆராய்ந்தபோது, நூற்றில் இரண்டுகூட அத்தரநிலைகளை முழுமையாக எட்டவில்லை என்பதும், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் மட்டுமே காய்கறி இருந்தது என்பதும் தெரியவந்தன. இதற்குப் பெற்றோரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. மதியம்வரை வெளியில் கிடந்தாலும் கெடாததும், பிள்ளை மிச்சம் வைக்காமல் உண்பதுமே பெட்டிக்குள் முந்திக்கொள்கின்றன.